எடை குறைப்பு ஆபரேஷன்: ஒரு நாள் வேலையா, ஆயுள் பராமரிப்பா?



பாலசமுத்திரத்திலும் சித்தூர், திருப்பதி வட்டாரத்திலும் உள்ள நம் தமிழ்க் குடும்பங்கள் ஒன்றுகூடினால், முன்பெல்லாம் சர்க்கரை, ரத்த அழுத்தம், முழங்கால் வலி ஆகிய மூன்றைப் பற்றித்தான் பேச்சு நடக்கும். இப்போது அந்த வரிசையில் எடை குறைப்பு அறுவைச் சிகிச்சையும் சேர்ந்துவிட்டது. "சென்னைக்குப் போய் ஒரு வாரம் தங்கிவிட்டு வந்தால் ஆள் பாதியாகிவிடலாம்" என்கிறார் ஒருவர். "நல்லா இருக்கிற வயிற்றை வெட்டிக்கொள்வதா?" என்று பதறுகிறார் இன்னொருவர். இருவர் பேச்சையும் கேட்டு ஒரு குடும்பம் முடிவெடுக்குமானால் அது சரியான முடிவாக இருக்காது.

நான் மருத்துவன் அல்லன். ரயில்வேயில் பொறியாளராக இருந்து ஓய்வு பெற்றவன். எந்த வேலையிலும் கட்டி முடிக்கும் நாளைவிட, அதன் பிறகு பராமரிக்கும் ஆண்டுகளே முக்கியம் என்பது எங்கள் தொழில் கற்றுக்கொடுத்த பாடம். இந்த அறுவைச் சிகிச்சைக்கும் அது அப்படியே பொருந்தும். ஆயுள் முழுவதும் பராமரிக்க மனமும் வசதியும் உள்ள குடும்பம் இதற்கு அஞ்ச வேண்டியதில்லை. பராமரிக்க முடியாத குடும்பம் கையெழுத்துப் போடும் முன் ஒருமுறைக்கு இருமுறை யோசிக்க வேண்டும். இதுவே என் கருத்து.

இது நாலைந்து பேரின் பிரச்சினை அன்று. 2019-21இல் நடந்த தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டுப் பெண்களில் 40.4 சதவீதமும் ஆண்களில் 37 சதவீதமும் அளவுக்கு மேல் எடை உள்ளவர்கள். ஆந்திரத்தில் பெண்கள் 36.3 சதவீதம், ஆண்கள் 31.1 சதவீதம். பிறந்த மண், பிழைக்க வந்த மண் இரண்டிலும் நிலைமை ஒன்றுதான். இவர்களில் பெரும்பாலோருக்கு அறுவைச் சிகிச்சை தேவையே இல்லை என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன்.

பின் யாருக்குத் தேவை? எடையைக் கிலோவிலும் உயரத்தை மீட்டரிலும் எடுத்துக்கொண்டு, எடையை உயரத்தால் இருமுறை வகுத்தால் பி.எம்.ஐ. என்னும் எண் கிடைக்கும். 1.65 மீட்டர் உயரமும் 110 கிலோ எடையும் உள்ளவருக்கு அது 40.4. உலக அளவில் இத்துறை மருத்துவச் சங்கங்கள் 2022இல் வகுத்த நெறிமுறைப்படி, இந்த எண் 35க்கு மேல் இருந்தால் அறுவைச் சிகிச்சையைப் பரிந்துரைக்கலாம். ஆசியர்களான நமக்குக் குறைந்த எடையிலேயே சர்க்கரையும் இதய நோயும் வந்துவிடுவதால், 27.5 முதலே டாக்டர் இதைப் பற்றிப் பேசலாம் என்றும் அதில் உள்ளது. ஆனால் இன்ஷூரன்ஸ் கணக்கு வேறு. ஒழுங்குமுறை ஆணையம் 2019இல் வகுத்த வாசகத்தின்படி, 18 வயது நிரம்பியிருக்க வேண்டும்; பி.எம்.ஐ. 40 இருக்க வேண்டும், அல்லது கட்டுக்கடங்காத சர்க்கரை, இதய நோய், தூக்கத்தில் கடுமையான மூச்சுத் தடை போன்றவற்றில் ஒன்றுடன் 35 இருக்க வேண்டும். மற்ற வழிகளில் முயன்று எடை குறையாமல் போயிருக்கவும் வேண்டும். டாக்டர் சம்மதித்தார் என்பதாலேயே இன்ஷூரன்ஸ் பணம் வந்துவிடும் என்று நம்பிக் கடன் வாங்கிவிடாதீர்கள். முன் அனுமதியை எழுத்தில் வாங்குங்கள்.

இன்னொரு குழப்பமும் உண்டு. தொப்பையில் உள்ள கொழுப்பைக் குழாய் வைத்து உறிஞ்சி எடுப்பது வேறு. அது உடல் வடிவத்துக்கானது. நான் பேசுவது இரைப்பையில் செய்யும் அறுவைச் சிகிச்சையைப் பற்றி. பெரும்பாலும் இரண்டு வகை. முதல் வகையில் இரைப்பையில் ஏறத்தாழ 80 சதவீதத்தை வெட்டி எடுத்துவிட்டு, மீதியை வாழைப்பழம்போல் ஒரு குழாயாக விட்டுவிடுவார்கள். வெட்டியது வெட்டியதுதான், திரும்ப வராது. இரண்டாவது வகையில் இரைப்பையின் மேல் பகுதியை இரண்டு மேஜைக்கரண்டி கொள்ளும் சிறு பையாகப் பிரித்து, சிறுகுடலின் கீழ்ப்பகுதியை அதனுடன் இணைப்பார்கள். நம் பாஷையில் சொன்னால் பைபாஸ் பாதை. 1966இல் அமெரிக்காவில் எட்வர்ட் மேசன் என்ற மருத்துவர் தொடங்கி வைத்த முறையிலிருந்து வளர்ந்தது இது. இரண்டையும் இப்போது சிறு துளைகள் வழியாகவே செய்துவிடுகிறார்கள்.

பலன் உண்டா என்றால், உண்டு. ஸ்வீடன் நாட்டில் 4,000 பேரைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து 2007இல் வெளியிட்ட ஆய்வில், அறுவைச் சிகிச்சை செய்துகொண்டவர்களிடையே இறப்பு மற்றவர்களைவிட 29 சதவீதம் குறைவாக இருந்தது. பலருக்குச் சர்க்கரை கட்டுக்குள் வருகிறது. மூச்சுத் தடை நீங்கி நிம்மதியாகத் தூங்குகிறார்கள். ஆனால் "ஆள் பாதியாகிவிடலாம்" என்பது மிகை. ஒன்றிரண்டு ஆண்டுகளில் பொதுவாக மொத்த எடையில் கால் பங்கிலிருந்து மூன்றில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவாக இறங்கும். மேலே சொன்ன 110 கிலோக்காரர் 80 கிலோ அளவுக்கு வருவார். ஒல்லியாக மாட்டார், ஆரோக்கியமாவார். அதை மகிழ்ச்சியாக ஏற்கும் மனம் முதலில் வேண்டும். இதற்குப் பதிலாக வாரம் ஒரு முறை போடும் ஊசி மருந்துகளும் வந்துள்ளன. மவுன்ஜாரோ 2025 மார்ச்சிலும் வெகோவி ஜூனிலும் இந்தியாவுக்கு வந்தன. அந்த வழி தமக்குப் பொருந்துமா என்பதையும் டாக்டரிடம் கேட்டுவிட வேண்டும்.

இனி, முன்னேற்பாடு. 2024 ஏப்ரலில் புதுச்சேரியைச் சேர்ந்த ஓர் இளைஞர், சென்னைப் பகுதித் தனியார் ஆஸ்பத்திரி ஒன்றில் எடை குறைப்புச் சிகிச்சைக்குப் போய் உயிரிழந்த செய்தியைப் பலரும் படித்திருப்பீர்கள். தமிழ்நாடு அரசு குழு அமைத்து விசாரித்தது. யார் மீது தவறு என்று தீர்ப்புச் சொல்வது நம் வேலை அன்று. தேர்ந்த மையங்களில் இச்சிகிச்சையால் இறப்பவர்கள் ஆயிரத்தில் ஒருவர் முதல் மூவர்தான் என்பது உண்மை. அந்த எண்ணிக்கையைத் தேர்ந்த மையங்கள் எட்டியிருப்பது முன்னேற்பாட்டால்தான் என்பதும் உண்மை.

ஆகவே கையெழுத்துப் போடும் முன் சில கேள்விகளைக் கூச்சப்படாமல் கேளுங்கள். இந்த டாக்டர் இதே சிகிச்சையை எத்தனை பேருக்குச் செய்திருக்கிறார்? இரவு இரண்டு மணிக்கு மூச்சுத் திணறினால் பார்க்க மயக்க மருந்து நிபுணரும், முழு வசதியுள்ள ஐ.சி.யூ.வும் அதே கட்டடத்தில் உண்டா? இதய, நுரையீரல் பரிசோதனை, எண்டோஸ்கோப்பி, தூக்க மூச்சுத் தடைப் பரிசோதனை ஆகியவற்றில் எவை எனக்குத் தேவை? உணவு ஆலோசகரும் மனநல ஆலோசகரும் பேசுவார்களா? மொத்தச் செலவில் அடுத்த ஓராண்டு மாத்திரையும் பரிசோதனையும் அடங்குமா? இவற்றுக்குப் பொறுமையாகப் பதில் சொல்லாமல், "இந்த மாதம் சலுகை விலை" என்று அவசரப்படுத்தும் இடத்திலிருந்து எழுந்து வந்துவிடலாம். புகை பிடிப்பவர் சில வாரங்களுக்கு முன்பே அறவே விட வேண்டும். கல்லீரல் சுருங்குவதற்காக இரண்டு வாரம் கட்டுப்பாடான உணவு தருவார்கள். அதைக் கடைப்பிடிக்க முடியாதவர் பின்னால் வரும் கட்டுப்பாட்டையும் தாங்க மாட்டார். அது ஒரு முன்னோட்டப் பரீட்சை என்றே கொள்ளலாம்.

சிகிச்சைக்குப் பின்? ரயில் பாதையில் ஒரு பகுதியைப் புதுப்பிக்கச் சில மணி நேரம் போக்குவரத்தை நிறுத்தி 'பிளாக்' எடுப்போம். வேலை முடிந்ததும் முதல் வண்டியை முழு வேகத்தில் விடமாட்டோம். முதலில் 20 கிலோமீட்டர் வேகம். பிறகு ஜல்லி இறுகி, தடம் அமர்ந்த பின், பார்த்துப் பார்த்துப் படிப்படியாக வேகத்தைக் கூட்டுவோம். அறுத்துத் தைத்த இரைப்பைக்கும் இதே நியாயம்தான். முதல் இரண்டு வாரம் வடிகட்டிய மோர், பருப்புத் தண்ணீர் போன்ற திரவம் மட்டும், அதுவும் மிடறு மிடறாக. அடுத்து மசித்த உணவு. பிறகு குழைந்த இட்லி, அவித்த முட்டை போன்றவை. ஆறு முதல் எட்டு வாரத்தில்தான் வழக்கமான சாப்பாடு, அதுவும் சின்னக் கிண்ணம் அளவு. உங்கள் டாக்டர் கொடுக்கும் அட்டவணையே முடிவானது. மென்று மென்று விழுங்க வேண்டும். சாப்பாட்டுடன் தண்ணீர் குடிக்கக் கூடாது. அரை மணி இடைவெளி வேண்டும். தினமும் குறைந்தது 60 கிராம் புரதம் தேவை. ஒரு முட்டையில் 6 கிராம்தான் என்பதால் சைவர்களுக்கு மட்டுமல்ல, அசைவர்களுக்கும் இது சுலபமன்று. புரதப் பொடி தேவைப்படும். பைபாஸ் செய்துகொண்டவர் இனிப்பை அள்ளிச் சாப்பிட்டால் படபடப்பு, வியர்வை, வயிற்றுப்போக்கு வரும். திருமலை லட்டு ஆனாலும் ஒரு விள்ளலோடு கைகூப்பிவிட வேண்டியதுதான்.

மூன்றாம் மாதம் முதல் முடி கொட்டலாம். பெரும்பாலும் திரும்ப வளரும். தோல் தொங்கலாம். பித்தப்பையில் கல் வரலாம். இரும்புச் சத்து, கால்சியம், வைட்டமின் டி, பி12 ஆகியவற்றை ஆயுள் முழுவதும் எடுக்க வேண்டும். ஆண்டுதோறும் ரத்தப் பரிசோதனையும் வேண்டும். சர்க்கரை மாத்திரையையும் இன்சுலினையும் பழைய அளவில் தொடர்ந்தால் ஆபத்து. உடனே டாக்டரிடம் அளவை மாற்றிக்கொள்ள வேண்டும். மூட்டு வலிக்குக் கடையில் தானே மாத்திரை வாங்கிப் போடுவது, குறிப்பாகப் பைபாஸ் ஆனவர்களுக்கு, குடற்புண்ணைக் கொண்டுவரும். மது சட்டென்று தலைக்கேறும், பழக்கமும் பிடித்துக்கொள்ளும். இவற்றையெல்லாம் அலட்சியம் செய்தால் இறங்கிய எடை மெல்ல ஏறும்.

இங்கே நம்மைப் போன்ற வெளிமாநிலத் தமிழர்களுக்குத் தனி எச்சரிக்கை ஒன்று உண்டு. மொழி புரியும் என்பதற்காகவே வேலூருக்கோ சென்னைக்கோ போகிறோம். சித்தூரிலிருந்து வேலூர் பக்கம்தான். திருப்பதியிலிருந்து சென்னை ஏறத்தாழ 150 கிலோமீட்டர். காலையில் கருடாத்ரி எக்ஸ்பிரஸில் ஏறினால் போய்ப் பார்த்து வரலாம். ஆனால் காய்ச்சல், இதயப் படபடப்பு, கடும் வயிற்று வலி, தோள் வலி, மூச்சுத் திணறல், கால் வீக்கம், நிற்காத வாந்தி ஆகியவை டைம் டேபிள் பார்த்து வருவதில்லை. தையலில் கசிவோ ரத்தக் கட்டியோ இருக்கலாம். அப்போது சென்னை வண்டிக்குக் காத்திராமல், 108ஐ அழைத்துத் திருப்பதியிலோ சித்தூரிலோ உள்ள பெரிய ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். என்ன ஆபரேஷன், எந்தத் தேதி, எந்த டாக்டர் என்ற விவரங்கள் உள்ள டிஸ்சார்ஜ் தாளின் நகல் வீட்டுக் கதவருகே இருக்கட்டும். வீட்டில் இருவராவது அதைத் தெலுங்கில் எடுத்துச் சொல்லப் பழகியிருக்கட்டும்.

கடைசியாக, வீட்டாரின் பொறுப்பு. நம் பக்கத்தில் விருந்தினரை வற்புறுத்திப் பரிமாறுவது மரியாதை. சிகிச்சை செய்துகொண்டவரின் இலையில் "இன்னொரு கரண்டி" என்று போடுவது அன்பு ஆகாது. அதேபோல் "குண்டு", "தீனிப்பண்டாரம்" என்று கேலி செய்வதையும் நிறுத்துவோம். உடல் பருமனில் பரம்பரைக்கும் சுரப்பிகளுக்கும் பங்கு உண்டு. எடை குறையக் குறைய உடம்பே பசியைக் கூட்டி எதிர்த்து நிற்கும். சோம்பேறித்தனம் என்ற ஒரே சொல்லில் இதை முடித்துவிட முடியாது.

என்னை மிகவும் கவலைப்படுத்துவது ஒன்று. வரன் அமைய வேண்டும் என்பதற்காக, பெண் பிள்ளைகளை இந்தச் சிகிச்சைக்கு அனுப்பும் பேச்சு நம் வீடுகளில் எழுகிறது. நோய்க்காகச் செய்வது சிகிச்சை. ஜாதகம் பார்க்க வருகிறவர்களுக்காக ஒரு பெண்ணின் இரைப்பையை வெட்டுவது எந்த நியாயம்? சிகிச்சைக்குப் பின் ஒன்று முதல் ஒன்றரை ஆண்டு கருத்தரிக்கக் கூடாது என்று டாக்டர்கள் சொல்கிறார்கள். அதை மறைத்துத் திருமணம் செய்துவைத்தால், புகுந்த வீட்டில் "ஏன் சாப்பிடவில்லை, ஏன் இன்னும் விசேஷம் இல்லை" என்ற கேள்விகளுக்கு நடுவே அந்தப் பெண் மாத்திரையைக்கூட ஒளிந்து விழுங்க வேண்டிவரும். தேவை இருந்து செய்திருந்தால் சம்பந்தி வீட்டாரிடம் வெளிப்படையாகச் சொல்லுங்கள். அதைக் கேட்டு விலகிப்போகும் சம்பந்தம் விலகியதே நல்லது.

ஆகவே பெரியோர்களே, இந்த முடிவை நோயாளி ஒருவர் மட்டும் எடுக்க வேண்டாம். சமைக்கிறவர், சம்பாதிக்கிறவர், துணைக்குப் போகிறவர் எல்லாரும் உட்கார்ந்து பேசி, "நாங்கள் கூட இருக்கிறோம்" என்று சொன்ன பிறகு தேதி குறியுங்கள். அப்படிக் குறித்துவிட்டால், ஊர் என்ன சொல்லும் என்று தயங்காமல் தைரியமாகப் போய் வாருங்கள்.