விற்பனையா? வாடகையா?

அரியலூரில் ஒரு மூட்டை சிமிட்டி வாங்கிச் சுவர் எழுப்பினவனிடம், பத்து வருஷம் கழித்து ஆலைக்காரன் வந்து, "என் சிமிட்டியைக் கொடு" என்று சுவரை இடித்தால் ஊரார் சும்மா விடுவார்களா?

கம்ப்யூட்டர் விளையாட்டு விற்கின்ற கம்பெனிகள் இதைத்தான் செய்கின்றன. பிரான்சு தேசத்து யூபிசாப்ட் கம்பெனி 2014-ல் 'தி குரூ' என்னும் கார் விளையாட்டை விற்றது. தன்னந்தனியாக ஆடுகிறவனுக்கும் இணையத் தொடர்பு வேண்டும் என்பது நிபந்தனை. 2024 மார்ச்சு 31-ல் கம்பெனி சர்வரை நிறுத்திற்று. முழு விலை கொடுத்தவனுக்கும் விளையாட்டு போயிற்று.

நிபந்தனைக்குச் சம்மதித்துத்தானே வாங்கினான் என்பார்கள். பக்கம் பக்கமாய் இங்கிலீஷில் எழுதி, கீழே ஒரு பொத்தானை அமுக்கச் சொல்வதற்குப் பெயர் சம்மதமா? (வக்கீல்களே அதைப் படித்திருப்பார்களா என்பது சந்தேகம்.)

மாதச் சந்தாக்காரனாவது ஒருவகையில் யோக்கியன்; வாடகை என்று சொல்லியே வாடகை வாங்குகின்றான். விற்பனை என்று சொல்லி வாடகைக்கு விடுவதைத்தான் நாம் பித்தலாட்டம் என்கின்றோம்.

வேறு வழியில்லை என்பதும் பொய். எதிர்ப்புக் கிளம்பிய பின், அதே கம்பெனி 2024 செப்டம்பரில், 'தி குரூ 2'-ஐ இணையமில்லாமல் ஆட வழி செய்வதாக அறிவித்தது. அதை முதலிலேயே செய்து விற்பதற்கு என்ன தடை?

நம் நாட்டில் 2019-ம் வருஷத்து நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் நியாயமற்ற ஒப்பந்தத்தின் மேல் புகார் செய்ய இடங்கொடுக்கின்றது. ஆனால் அந்தப் புகாரைப் பெரம்பலூர் ஜில்லா ஆணையம் விசாரிக்க முடியாது. மாநில ஆணையத்துக்குத்தான் போகவேண்டும். போக்குவரத்துச் செலவும் வக்கீல் கூலியும் விளையாட்டின் விலையைவிட அதிகமாகிவிடும். அது கம்பெனிக்காரனுக்கும் தெரியும்.