இலை போட்டாச்சு!

குற்றால அருவியில் தலையைக் கொடுத்துவிட்டு வந்தவனின் பசி சாதாரணப் பசி இல்லை. கல்லைக் கொடுத்தால்கூட, 'தொட்டுக்க என்ன?' என்று கேட்பான்.

சீசனுக்கு ஆபீஸ் நண்பர்களோடு போயிருந்தேன். மெயின் அருவியில் ஆனந்தமாகக் குளித்துவிட்டு வந்து பார்த்தால், என் பர்ஸும் செல்போனும் இருந்த பையோடு கோஷ்டியே காணோம். ஐந்தருவிக்கோ, பழைய குற்றாலத்துக்கோ! ஈர வேட்டியும் துண்டுமாகத் தென்காசி லாட்ஜை நோக்கி நடையைக் கட்டினேன். பையில் காசு இருந்தால்தான் ஸார் அது சாரல். இல்லாவிட்டால் வெறும் மழை!

பாதி வழியில் ஒரு சர்ச். வாசலில் பந்தல். அண்டா அண்டாவாகச் சோறு. திருநெல்வேலிச் சீமையில் சர்ச் பண்டிகை என்றால் 'அசனம்' உண்டு. வீட்டுக்கு வீடு அரிசியும் பணமும் கொடுத்து, ஊரோடு உட்கார்ந்து சாப்பிடுகிற விருந்து. மதம் கேட்கமாட்டார்கள். இதெல்லாம் அப்போது எனக்குத் தெரியாது. கறிக்குழம்பு வாசனை மட்டும்தான் தெரிந்தது.

ஒரு பாட்டி பார்த்துவிட்டார். "ஏன் மழையில நிக்கிய? உள்ள வாங்கய்யா."

"நான் உங்க சர்ச் இல்லை பாட்டி..."

"சர்ச்சா சாப்பிடுது? வயிறுதான சாப்பிடுது! உக்காருங்க, இலை போட்டாச்சு."

உட்கார்ந்தேன். "ஐயர் வாராரு" என்றார்கள். பஞ்சகச்சத்தை எதிர்பார்த்தேன், வெள்ளை அங்கியில் பாதிரியார் வந்தார். அந்தப் பக்கம் பாதிரியாருக்கு ஐயர் என்றுதான் பெயராம். ஐயர் கையால் கறிக்குழம்பு வாங்கிச் சாப்பிட்ட பாக்கியசாலி நான்!

பக்கத்து இலைக்காரர் உபதேசியார். நான் வழி தவறிய கதையைக் கேட்டுச் சிரித்துவிட்டு, பைபிளில் உள்ள எம்மாவு கதையைச் சொன்னார். உயிர்த்தெழுந்த இயேசு, இரண்டு சீடர்களோடு வழிப்போக்கர் மாதிரி நடக்கிறார். ஏழெட்டு மைல், தென்காசியிலிருந்து குற்றாலம் போய்த் திரும்புகிற தூரம். வழியெல்லாம் பேசியும் அவர்களுக்கு ஆள் தெரியவில்லை. பொழுது சாய்ந்துவிட்டதே என்று வீட்டுக்குள் அழைக்கிறார்கள். வந்தவர் அப்பத்தை எடுத்துப் பிட்டுக் கொடுத்தபோதுதான் அடையாளம் தெரிகிறது.

"பேச்சுல தெரியாத சாமி, பந்தியில தெரிஞ்சாரு. கூப்பிடாம விட்டிருந்தா?" என்றார் உபதேசியார்.

இன்னொன்றும் சொன்னார். வெள்ளாளன்விளையில் 1874-ல் பிறந்த அசரியா, 1910-ல் எடின்பரோ மாநாட்டில் வெள்ளைக்கார மிஷனரிகளுக்கு நடுவே எழுந்து நின்று, 'நீங்கள் நிறைய தியாகம் செய்கிறீர்கள். ஆனால் எங்களைச் சமமாக வைத்துச் சாப்பிடக் கூப்பிடமாட்டேன் என்கிறீர்களே. எங்களுக்கு நண்பர்கள் வேண்டும்' என்கிற அர்த்தத்தில் பேசினாராம். இரண்டே வருஷத்தில், 1912-ல், அவர் தோர்ணக்கல் பிஷப் ஆனார். ஆங்கிலிகன் சபையின் முதல் இந்திய பிஷப்!

எனக்குச் சோறு தொண்டையில் நின்றது.

எங்கள் ஆபீஸில் ஓர் அட்டெண்டர். எட்டு வருஷமாக எனக்கு டீ வாங்கித் தருகிறார். மத்தியானம் மாடிப்படியில் உட்கார்ந்துதான் டிபன் பாக்ஸைத் திறப்பார். உள்ளே எங்கள் மேஜையில் ஆறு நாற்காலி. இரண்டு எப்போதும் காலி. தீபாவளி இனாம் தவறாமல் கொடுத்திருக்கிறேன். 'வாங்க, சாப்பிடலாம்' என்று மட்டும் ஒரு நாள்கூடச் சொன்னதில்லை.

திங்கட்கிழமை சொன்னேன். நம்பாமல் பார்த்தார். பிறகு வந்து நாற்காலி நுனியில் உட்கார்ந்தார். பெருந்தன்மையோடு என் டப்பாவைத் திறந்தேன். நானே கட்டிக்கொண்டு வந்த தயிர் சாதம். தொட்டுக்கொள்ள எதுவும் வைக்க மறந்திருந்தேன்!

அவர் தன் டப்பாவை என் பக்கம் நகர்த்தினார். "நெத்திலி வறுவல் ஸார். எடுத்துக்குங்க."

எம்மாவு வீட்டிலும் விருந்தாளிதானே பரிமாறினார்!

செவ்வாய்க்கிழமையிலிருந்து நான் ஊறுகாய் கொண்டுபோவதில்லை.