கொழும்பில் உலாவப் பழகுவோம்

சென்ற மாதம் இப்பகுதிக்கு வந்து குவிந்த சிறுகதைகளை ஒருசேர எடுத்து வைத்துக்கொண்டு படித்தேன். அவற்றுள் பதினொன்று கொழும்பு மாநகரைக் களமாகக் கொண்டவை. பதினொரு கதைகளிலும் நாயகன் ஒரு வாடகை அறையில் இருக்கிறான். அறைக்கு யன்னல் ஒன்றே. அதுவும் அடுத்த வீட்டுச் சுவரைப் பார்த்தபடி இருக்கிறது. காலையில் பஸ்ஸில் நெரிபடுகிறான். பகலில் கந்தோரில் மேலதிகாரியிடம் ஏச்சு வாங்குகிறான். இரவிற் கடைச் சோற்றுப் பார்சலைப் பிரித்து வைத்துக்கொண்டு, ஊரிலுள்ள முற்றத்து வேம்பை எண்ணிப் பெருமூச்சு விடுகிறான். வெள்ளிக்கிழமை ஊருக்குப் புகையிரதம் ஏறிய பின்னரே கதையிற் காற்று வீசத் தொடங்குகிறது.

இவற்றை எழுதியவர்கள் பொய் எழுதினார்கள் என்று நான் சொல்லமாட்டேன். வாடகையும் உண்மை, நெரிசலும் உண்மை, தனிமையும் உண்மை. ஆயினும் இத்தனை இலட்சம் மக்கள் கூடி வாழும் பட்டினத்தில் மகிழ்ச்சி என்பது மருந்துக்கும் இல்லையா? உண்டெனில், அது எமது எழுத்தாளர் கண்ணில் மட்டும் படாமற் போவதேன்?

அண்மையில் என்னைக் காண வந்த பழைய மாணவர் ஒருவரிடம் இதைச் சொன்னேன். அவர் வெள்ளவத்தையில் அறையெடுத்துத் தங்கி, பாடசாலையொன்றிற் படிப்பிக்கிறார். கொழும்புக்கு வந்து மூன்றாண்டுகள் ஆகின்றன. இடையிடையே கதையும் எழுதுபவர்.

"கொழும்பிலே என்ன சேர் இருக்கு? காசில்லாதவனுக்கு இங்கை என்ன சந்தோசம்?" என்றார்.

நூதனசாலைக்குப் போனதுண்டா என்று கேட்டேன். சின்ன வயதிற் பள்ளிக்கூடச் சுற்றுலாவில் வந்த ஞாபகம் என்றார். கடற்கரைக்கு? அறையிலிருந்து ஐந்து நிமிட நடையாம், போவதில்லையாம். "ஏன்?" என்றேன். "பொழுதுபட முன்னம் அறைக்கு வந்திட வேணுமெண்டு அம்மா சொல்லி விட்டவ" என்று சொல்லிச் சிரித்தார். அந்தச் சிரிப்பு அன்றிரவு முழுவதும் என் மனத்தை உறுத்தியது.

அத்தாயின் சொல்லுக்குப் பின்னால் ஒரு வரலாறு கிடக்கிறது. 1983 ஆடியில் இந்நகரத் தமிழரின் வீடுகளும் கடைகளும் எரிந்தன. அதற்குப் பின் வந்த போர்க்காலத்தில் அடையாள அட்டையைச் சட்டைப்பையில் தொட்டுப் பாராமல் சந்திக்கடை மட்டும் போய்வருவதும் அரிதாயிற்று. சோதனைச் சாவடி, பொலிஸ் பதிவு, நள்ளிரவுத் தேடுதல் ஆகியவற்றோடு வளர்ந்த தலைமுறை அது. 2007 யூன் மாதத்தில் கொழும்பு விடுதிகளில் தங்கியிருந்த தமிழர் நூற்றுக்கணக்கில் பஸ்களில் ஏற்றி வெளியேற்றப்பட்டதும், உயர் நீதிமன்றம் தலையிட்டு அதனைத் தடுத்ததும் பலர் மறந்திருக்கமாட்டார்கள். அக்காலத்தில் நானும் மாலையில் உலாவப் போனவனல்லன். வேலை முடிந்ததும் வீட்டுக் கதவைச் சாத்திக்கொண்டவர்களுள் ஒருவனே. 2009இற் போர் ஓய்ந்தது. பல சாவடிகளும் அகன்றன. ஆனால் பொழுதுபட முன்னம் திரும்பிவிடும் வழக்கம் எங்கள் கால்களை விட்டு அகலவில்லை. தாய் மகனுக்குச் சொல்கிறாள். மகன் அதையே கதையாக எழுதுகிறான்.

பட்டினத்து வாழ்வைப் பாடுதல் தமிழுக்குப் புதிதன்று. மாங்குடி மருதனார், பாண்டியன் தலையாலங்கானத்துச் செருவென்ற நெடுஞ்செழியனுக்கு நிலையாமையை உணர்த்தவே மதுரைக்காஞ்சியைப் பாடினார் என்பர். 782 அடிகள் கொண்ட அப்பாட்டில் நிலையாமையைச் சொல்லும் இடம் சிறிது. மதுரையின் ஒரு பகலையும் ஓர் இரவையும் தெருத்தெருவாகச் சொல்லும் இடமோ பெரிது. நாளங்காடி, அல்லங்காடி என இருவகைக் கடைத்தெருவையும் அவர் சுற்றி வருகிறார். நள்ளிரவுக் கள்வரையும் அவரைத் தேடும் ஊர்காவலரையும்கூட விட்டுவைக்கவில்லை. உலகம் நிலையாதது என்று சொல்ல வந்த புலவருக்கே தெருவில் இத்தனை நேரம் நின்று பார்க்கப் பொறுமை இருந்தது. எமது கதாசிரியருக்கு அறைக்கதவைத் திறக்கவும் மனமில்லை.

காசில்லாதவனுக்கு என்ன சந்தோசம் என்று கேட்ட அந்த இளைஞருக்கு அன்று நான் சொன்னவற்றை இங்கும் சொல்லிவைக்கிறேன். பெரிய உபாயங்கள் எவையும் இல்லை. நானறிந்த சில வழிகள்.

கோட்டையிலிருந்து தெற்கே போகும் கரையோரப் புகையிரதத்தில் மூன்றாம் வகுப்பு ரிக்கற் எடுத்து, வலப்பக்கத்து யன்னலோரம் அமர்வது எனது முதலாவது இன்பம். கொள்ளுப்பிட்டியை நெருங்கும்போது இரும்புப்பாதை கடலின் விளிம்புக்கே இறங்கிவிடுகிறது. அங்கிருந்து பம்பலப்பிட்டி, வெள்ளவத்தை, தெகிவளை கடந்து கல்கிசை மட்டும் ஒரு பக்கம் நகரத்தின் புறமுதுகு, மறுபக்கம் சமுத்திரம். தென்மேற்குப் பருவக்காற்றுக் காலமானால், அலை கரைக்கற்களில் மோதித் தூவானமாய் யன்னலுக்குள்ளே வரும். சட்டை நனையும், நனையட்டும். கண் தெரியாத பாடகர் ஒருவர் பெட்டி பெட்டியாகப் பாடிக்கொண்டு வருவார். கடலையும் வடையும் விற்பவர் அவர் பாட்டு முடியும்வரை தம் கூவலை நிறுத்திவைப்பதை நான் பல தடவை கண்டிருக்கிறேன். மாலையிற் கந்தோர் விடும் நேரத்து வண்டியில் மட்டும் ஏறவேண்டாம். அதில் இன்பம் காண்பதற்கு ஞானியாக இருத்தல் வேண்டும்.

அடுத்து நூதனசாலை. கறுவாத்தோட்டத்தில் வெள்ளை மாளிகையாக நிற்கும் இக்கட்டடம் 1877ஆம் ஆண்டு தைமாதம் முதலாந் திகதி திறக்கப்பட்டது. பள்ளிக்கூடச் சுற்றுலாவில் ஆசிரியரின் கைத்தடிக்கு முன்னே ஓடிப் பார்த்தவர்கள் இதனைப் பார்த்தவர்களாக மாட்டார்கள். தனியே போங்கள், ஒரே ஒரு பொருளை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்புங்கள். நான் பெரும்பாலும் போய் நிற்பது காலிக் கல்வெட்டின் முன்னால். சீனக் கடற்றளபதி செங் ஹோ கொண்டுவந்த கல் அது. 1409ஆம் ஆண்டைக் குறிப்பது. 1911இற் காலியில் மதகொன்றின் மூடுகல்லாகக் கிடந்து வெளிப்பட்டது. அதில் மூன்று மொழிகள் உள: சீனம் புத்தரைப் போற்றுகிறது, தமிழ் தெனாவரை நாயனாரைப் போற்றுகிறது, பாரசீகம் அல்லாவைப் போற்றுகிறது. மூவருக்கும் பொன்னும் வெள்ளியும் பட்டும் எண்ணெயும் காணிக்கை. தூரதேசத்துத் தளபதியொருவன் இத்தீவின் கரையில் நாட்டுவதற்கென எழுதுவித்த கல்லில் தமிழைச் சேர்த்தான் என்றால், இத்துறைமுகங்களில் அம்மொழிக்கிருந்த இடம் எத்தகையது! கொழும்பில் நாம் வந்தேறிய விருந்தாளிகள் என்ற எண்ணம் எவர்க்கேனும் வருமாயின், அவர் ஒரு பிற்பகலை அக்கல்லின் முன்னால் கழிப்பாராக.

பொலனறுவையில் மண்ணினின்றும் எடுக்கப்பட்ட செப்புத் திருமேனிகளும் அங்கேயே இருக்கின்றன. கைத்தாளத்துடன் அமர்ந்த காரைக்காலம்மையாரைக் கண்டவர் அவ்வளவு எளிதில் மறக்கமாட்டார். இத்திருமேனிகளைப் பற்றி 1914இல் நூலெழுதி உலகறியச் செய்த ஆனந்த குமாரசுவாமி, நூதனசாலை திறக்கப்பட்ட அதே 1877இற் கொழும்பிற் பிறந்தவர். பூங்காவின் ஓரமாகச் செல்லும் வீதி இன்று அவர் பெயரைத் தாங்கியிருக்கிறது. அவ்வீதியில் ஓவியர்கள் தம் படங்களைச் சாய்த்து வைத்துக்கொண்டு வாங்குவோரை எதிர்பார்த்திருப்பார்கள். 1993 முதல் நடந்துவரும் 'கலா பொல' என்னும் ஓவியச் சந்தையும் அங்கேதான் கூடுகிறது. வாங்க வசதியில்லாதவர் பார்ப்பதற்கு எந்த ஓவியரும் கட்டணம் கேட்டதாக நான் அறியேன். பொதுசன நூலகமும் அருகிலேயே.

புத்தகம் என்றதும் மருதானைப் பக்கம் நினைவு போகிறது. முன்னர் மக்கலம் வீதி என்று வழங்கி, இன்று டி. ஆர். விஜேவர்த்தன மாவத்தை எனப்படும் வீதியோரம் பழைய புத்தகக் கடைகள் வரிசையாக உண்டு. சட்டம், பொறியியல், கணக்கியல் என ஆங்கில நூல்கள் கூரையைத் தொடும். அவற்றினிடையே தமிழ் நூல் அகப்படுவது அருமை. அகப்படும்போது வரும் மகிழ்ச்சிக்கு அவ்வருமையே காரணம். சில ஆண்டுகளுக்கு முன் அங்கே நைந்துபோன தமிழ் வசன நூல் ஒன்று கிடைத்தது. உள்ளட்டையில் ஒரு பாடசாலையின் பரிசுச் சீட்டு ஒட்டியிருந்தது. ஆண்டு 1961. ஐந்தாம் வகுப்புச் சிறுமியொருத்திக்கு, திருத்தமான கையெழுத்துக்காக வழங்கப்பட்ட பரிசு. கடைக்காரர் சிங்களவர், தமிழ் எழுத்தறியாதவர். புத்தகத்தின் தடிப்பைப் பார்த்தே விலை சொன்னார். நான் சீட்டைப் பார்த்தபடி நெடுநேரம் நின்றதைக் கண்டு, "தெரிந்தவரா, மாத்தயா?" என்று சிங்களத்திற் கேட்டார். இல்லை என்றேன். அவர் சொன்ன விலையிலும் குறைத்தே வாங்கிக்கொண்டார். அப்புத்தகம் எந்த வீட்டு அலுமாரியிலிருந்து, எந்த ஆண்டில், எவ்வாறு அந்நடைபாதைக்கு வந்ததென்று நான் கேட்கவில்லை. அவருக்கும் தெரிந்திராது. அந்தச் சிறுமி இன்றிருந்தால் எழுபத்தைந்து வயதளவினராவார். அந்நூல் இப்போது என் மேசையில் இருக்கிறது. நகரத்து இன்பங்களுள் இதையும் சேர்க்கலாமா என்று வாசகர் கேட்கலாம். நான் சேர்ப்பேன்.

தமிழ்ச் சங்கத்துச் சொற்பொழிவுகள், லயனல் வென்ற் அரங்கின் நாடகங்கள், புரட்டாதிப் பக்கம் வரும் புத்தகக் கண்காட்சி, செட்டியார் தெருக் கோயில்களின் ஆடிவேல் விழா இவையெல்லாம் எல்லோரும் அறிந்தவை, விரிக்க வேண்டியதில்லை.

ஒன்றை ஒப்புக்கொள்ளவேண்டும். உலாவுங்கள் என்று ஆண்மகனாகிய நான் இலகுவிற் சொல்லிவிடுகிறேன். இதே சொல்லை ஆசிரியை ஒருவரிடம் சொன்னபோது, "நடைபாதையிலே நாலு பேர் சொல்லுற கதையைக் கேளாமல் ஒரு தெருவைக் கடக்க ஏலுமெண்டால் நானும் உலாவுவன்" என்றார். மறுமொழி சொல்ல எனக்கு வாய் எழவில்லை. இரண்டு மூன்று பேராகச் சேர்ந்து போகலாம் என்பது ஒரு வழி. அது போதிய வழி அன்று என்பதும் தெரியும்.

இதைக் காலிமுகத்திடலைப் பற்றிச் சொல்லும்போது இன்னும் கூர்மையாக உணர்கிறேன். அங்கே கடலோர நடைபாதையை 1856இல் தொடங்கி 1859இல் முடித்த தேசாதிபதி சேர் ஹென்றி வார்ட், கொழும்பின் பெண்களினதும் பிள்ளைகளினதும் நன்மையை முன்னிட்டு அதனைப் பேணுமாறு தமக்குப் பின் வருவோரைக் கேட்டுக் கல்லில் எழுதி வைத்துச் சென்றார். அந்நியர் ஆட்சி செய்த காரியங்களுள் நான் மனமார மெச்சும் சிலவற்றுள் இதுவும் ஒன்று. அதே திடலில் 1956 யூன் 5ஆந் திகதி, தனிச்சிங்களச் சட்டத்தை எதிர்த்துச் சத்தியாக்கிரகம் இருந்த தமிழர் தலைவர்களும் தொண்டர்களும் தாக்குண்டனர். அதே திடலில் 2022இல் நாட்டின் இளைஞர் மாதக்கணக்கிற் கூடாரமிட்டிருந்தபோது, கூடாரமொன்றில் நூலகமும் இருந்தது. அவ்வாண்டு மே 18இல் அங்கே முள்ளிவாய்க்காலில் மாண்டோரை நினைந்து கஞ்சியும் பகிரப்பட்டது. அரை மைல் நீளமும் இல்லாத புற்றரை அது. அதன் வடபுறத்தில், 2014இல் தொடங்கிய துறைமுக நகரத்துக்காக 269 ஹெக்டயர் கடல் நிரப்பப்பட்டுவிட்டது. எதிரே ஆடம்பர விடுதிகள் எழுந்துவிட்டன. கையில் பட்டத்துடன் வரும் பிள்ளைக்கென எஞ்சியிருப்பது நடுவிலுள்ள அத்துண்டு நிலமே. அதில் நாள்தோறும் கால் வைப்போர் குறைந்தால், அதனைக் கேட்பார் இல்லை என்று எண்ணுவோர் பெருகுவர்.

போன சனிக்கிழமை அந்த இளம் ஆசிரியரை நானே அழைத்துக்கொண்டு போனேன். வெள்ளவத்தையிற் புகையிரதம் ஏறி, கொள்ளுப்பிட்டியில் இறங்கி, கடலோரமாக நடந்தோம். திடலை அடைந்தபோது பொழுது பட்டுக்கொண்டிருந்தது. இறால் வடை வாங்கினோம்; உறைப்பினால் அவருக்குக் கண்ணீர் வந்தது. பக்கத்தில் முஸ்லிம் குடும்பமொன்று பாய் விரித்து அமர்ந்திருந்தது. சிங்களச் சிறுவன் ஒருவன் தன் பட்டத்து நூலைச் சிறிது நேரம் பிடித்துக்கொள்ளும்படி அவரிடம் கொடுத்துவிட்டு, ஐஸ்கிறீம் வண்டிக்கு ஓடினான். நூல் கையில் இருக்கும்போதே கைபேசி ஒலித்தது. தாய்தான்.

"அறையிலையோ நிக்கிறாய்?"

"இல்லை அம்மா, காலிமுகத்திடலிலை."

சற்று நேரம் மறுபுறத்திற் பேச்சில்லை. பிறகு அவர் கேட்டது எனக்கும் கேட்டது.

"அங்கை காத்து நல்லா அடிக்குதோ, தம்பி?"