பிஸினஸ் எக்கனாமிக்ஸ் படிச்சா லாபமா?



யூனி ஓஃபர் வருகிற காலத்தில் லண்டன் தமிழ் வீடுகளில் ஒரே கேள்விதான்: "இதைப் படிச்சா என்ன சம்பளம்?" மருத்துவம் சரிவராத பிள்ளைக்கு நாங்கள் கண்டுபிடித்து வைத்திருக்கிற பாதுகாப்பான வழிகளில் ஒன்று பிஸினஸ் எக்கனாமிக்ஸ். பெயரில் பிஸினஸும் இருக்கு, எக்கனாமிக்ஸும் இருக்கு, மாமாக்களுக்கும் திருப்தி. 55 ஆயிரம் பவுண்ஸ் கடன் என்றதும்தான் வீடு அமைதியாகும்.

அந்தத் தொகை எப்படி வருகிறது? 2025-26 இல் இங்கிலாந்தில் வருடக் கட்டணம் 9,535 பவுண்ஸ். வருமானம் குறைந்த வீட்டில், பெற்றோரோடு இருந்தே படிக்கிற பிள்ளைக்கு வாழ்க்கைச் செலவுக் கடன் வருடத்துக்கு 8,877 வரை. இதே கணக்கில் மூன்று வருடத்துக்குக் கூட்டினால் 55,236. அப்பாவின் சம்பளம் குறையக் குறைய பிள்ளையின் கடன் கூடும், அதுதான் இந்த முறையின் அழகு! 2016 வரை வசதியில்லாத பிள்ளைகளுக்குத் திருப்பிக் கட்டத் தேவையில்லாத மானியம் இருந்தது. அதை எடுத்துவிட்டுக் கடனாக்கினார்கள். பக்கத்து வாங்கில் இருந்து அதே பாடத்தைப் படிக்கிற பணக்கார வீட்டுப் பிள்ளைக்கு அப்பா காசைக் கட்டிவிடுவார். அது ஒரு சதக் கடனும் இல்லாமல் வெளியே போகும்.

எங்கட அம்மா அப்பாவுக்குக் கடன் என்றால் சீட்டுக் காசு, அறாவட்டி, மானம் போகிற விஷயம். இது அந்த வகை இல்லை. 2023 ஓகஸ்ட் முதல் படிப்பைத் தொடங்கியவர்களுக்கு உள்ளது "பிளான் 5". வருடம் 25,000 க்கு மேல் உழைக்கிற காசில் 9% பிடிப்பார்கள். சம்பளம் 30,000 என்றால் மாதம் 37.50, 45,000 என்றால் 150. வேலை இல்லையென்றால் ஒன்றும் இல்லை. 40 வருடம் முடிய மிச்சம் தள்ளுபடி. அதனால் அந்தப் பெரிய தொகையைப் பார்த்துப் பயந்து படிப்பை விடாதேங்கோ என்றுதான் கேட்கிற பிள்ளைகளுக்குச் சொல்லுறனான்.

"அப்ப பிரச்சினை இல்லைத்தானே" என்று சொல்லுகிறவர்களோடும் எனக்கு உடன்பாடில்லை. வட்டி 3% என்றே வைப்போம். 55,000 க்கு வருட வட்டி 1,650. வருடம் 40,000 உழைக்கிற பிள்ளை கட்டுவது 1,350. கட்டக் கட்டத் தொகை ஏறும், 60 வயது தாண்டும்வரை பே ஸ்லிப்பில் அந்த வரி இருக்கும்.

அந்த 25,000 என்ற வரம்பு இன்னும் மோசம். 2025 ஏப்ரலில் குறைந்தபட்சக் கூலி மணித்தியாலத்துக்கு 12.21 ஆனது. வாரம் 40 மணித்தியாலம் வேலை செய்தால் வருடத்துக்கு 25,397. பட்டத்தை வீட்டில் மாட்டிவிட்டு சூப்பர்மார்க்கெட்டில் சாமான் அடுக்கினாலும் கட்டத் தொடங்க வேண்டும். படிப்பால் பயன் கண்டவர்கள்தானே கட்டுகிறார்கள் என்று சொல்லித்தான் இந்த முறையை எங்களுக்கு விற்றார்கள். இப்போது வருமான வரி 20, தேசியக் காப்புறுதி 8, கடன் 9. 100 பவுண்ஸ் ஓவர்டைமுக்கு கையில் வருவது 63.

சரி, சம்பளப் பக்கத்தைப் பார்ப்போம். ஐஎஃப்எஸ் ஆய்வு நிறுவனம் 2020 இல், பிளான் 5 வரமுதல், போட்ட கணக்கு இது. வரியும் கடனும் போக, ஆயுள் முழுக்க ஒரு பட்டம் தரும் சராசரி இலாபம் பெண்களுக்குச் சுமார் ஒரு லட்சம், ஆண்களுக்கு 1.3 லட்சம் பவுண்ஸ். ஐந்தில் ஒருவர் யூனிக்குப் போகாமல் இருந்திருந்தால் காசுக் கணக்கில் நல்லா இருந்திருப்பார். எக்கனாமிக்ஸ் உச்சியில் நிற்கிறது: ஆண்களுக்கு 5 லட்சமளவில், பெண்களுக்கு 2.5 லட்சத்துக்கு மேல். ஒரே பட்டம், ஒரே கடன், பெண்ணுக்குப் பாதி. இதை வைத்து யாரும் "தரம் குறைந்த பாடம்" என்று சொல்லவில்லை, கவனியுங்கோ.

மாமாக்கள் பிடித்துக்கொள்வது அந்த 5 லட்சத்தை. பிஸினஸ் எக்கனாமிக்ஸ் அதற்குள் அப்படியே அடங்காது. பிஸினஸ் பாடங்களின் சம்பளம் எந்த யூனி என்பதைப் பொறுத்து பயங்கரமாக மாறும். டிஸ்கவர் யூனி தளத்தில் அந்தந்தப் பாடத்தின் சம்பளத்தைப் பாருங்கோ. நடுவில் உள்ள இலக்கத்தை விட்டுவிட்டு, வீச்சின் கீழ் முனையைப் பாருங்கோ. அந்த இலக்கம் அந்தப் பாடத்துக்கா, பாடக் குழு முழுவதுக்குமா என்றும் கவனியுங்கோ.

ஆனால் இந்தக் கணக்கையே 17 வயதுப் பிள்ளையின் தலையில் கட்டியது யார்? 1998 இல் லேபர் 1,000 பவுண்ஸ் கட்டணத்தோடு தொடங்கியது. 2012 இல் அது 9,000 ஆனது. 2023 இல் சுனக், சம்பளம் தராத படிப்புகளுக்கு ஆட்களைக் குறைக்கப் போவதாக அறிவித்தார். பட்டதாரிக்குக் குறைந்த சம்பளம் கொடுக்கிற முதலாளியை யாரும் கேட்கவில்லை, பழி பாடத்தில் விழுந்தது. வறிய பிள்ளைகளை அதிகம் சேர்க்கிற யூனிகள்தான் இதில் முதலில் அடிபடும். ஜேர்மனியில் கட்டணத்தைக் கடைசியாக வைத்திருந்த நீடர்சாக்ஸன் மாநிலமும் 2014 இல் அதை எடுத்துவிட்டது. டோர்ட்முண்டில் இருக்கிற எங்கட மச்சாள்மாருக்கு இந்தக் கேள்வியே விளங்காது.

2025 செப்டம்பரில் லேபர் அரசு மானியத்தைத் திரும்பக் கொண்டுவருவதாக அறிவித்தது. வருமானம் குறைந்த வீட்டுப் பிள்ளைகளுக்கு, அதுவும் அரசு முன்னுரிமை கொடுக்கிற பாடங்களுக்கு மட்டும். காசு எங்கிருந்து? வெளிநாட்டு மாணவர்கள் கட்டுகிற பீஸில் வைக்கப்போகிற புதிய லெவியில் இருந்து. கோயம்புத்தூரிலும் வவுனியாவிலும் காணியை அடகு வைத்து வருகிற பிள்ளையின் காசில் லூயிஷம் பிள்ளைக்கு மானியம். மானியம் வேணும் என்று ஊர்வலம் போன நாங்கள் இதுக்குக் கைதட்டப் போறமா? அடுத்த கூட்டத்தில் முதல் விஷயமாக இதை எடுப்போம். மாணவர் விசாவில் வந்திருக்கிற தோழர்களையும் கட்டாயம் கூட்டிக்கொண்டு வாங்கோ.