அன்னாசி போட்டால் ஜெல்லி ஏன் உறைவதில்லை?

கொஞ்சம் நீளமான பதிவு, பொறுமையாகப் படியுங்கள்.

கோடை விடுமுறை வந்தாலே நம்ம சேலம், நாமக்கல் பக்கத்து வீடுகளில் பிள்ளைகள் ஃபோனைப் பார்த்து ஜெல்லி செய்யக் கிளம்பிவிடுகிறார்கள். கிண்ணத்தில் ஊற்றி, பழம் போட்டு, ஃபிரிட்ஜில் வைத்துக் கவிழ்த்தால் ஆடிக்கொண்டே நிற்க வேண்டும். மாம்பழம் போட்டால் நிற்கிறது. திராட்சை, மாதுளை போட்டாலும் நிற்கிறது. கொல்லிமலை அன்னாசியைப் பச்சையாக நறுக்கிப் போட்டால் மட்டும் விடிய விடிய வைத்தாலும் தண்ணீராகவே கிடக்கிறது. உடனே வீட்டுப் பெரியவர் ஒருவர் "பொடி மட்டம்" என்று தீர்ப்புச் சொல்லிவிடுவார். பிள்ளையும் அதைக் கொட்டிவிட்டு விளையாடப் போய்விடும்.

பொடி மேல் ஒரு குற்றமும் இல்லை. ஜெலட்டின் என்பது மாடு, பன்றி, மீன் இவற்றின் தோலிலும் எலும்பிலும் இருந்து எடுக்கும் புரதம். ஆறும்போது அந்தப் புரத இழைகள் ஒன்றோடொன்று பின்னி வலைபோல நின்று தண்ணீரைப் பிடித்துக்கொள்கின்றன. பச்சை அன்னாசியில் புரோமலின் என்ற நொதி இருக்கிறது. அதற்கு வேலையே புரதத்தை வெட்டுவதுதான். இழை துண்டு துண்டானால் வலை ஏது? அன்னாசியை நிறையத் தின்றால் நாக்கு எரிகிறதே, அதிலும் இந்த நொதிக்கு ஒரு பங்கு உண்டு. கறி வேகாவிட்டால் பப்பாளிக்காய்த் துண்டு போடுகிறார்களே, அதுவும் இதே கதைதான். அங்கே வெட்டுவது பப்பெயின். அத்தி, கிவி, இஞ்சி எல்லாவற்றிலும் இந்த வகை நொதிகள் இருக்கின்றன.

நான் அரசுப் பள்ளியில் 31 வருடம் அறிவியல் நடத்தியவன். "நொதி என்பது உயிரி வினையூக்கி" என்று ஒரு வரி பிசகாமல் எழுதி முழு மதிப்பெண் வாங்கும் பிள்ளைகளை ஆயிரக்கணக்கில் பார்த்திருக்கிறேன். அவர்களில் பலர் ஒரு நொதி வேலை செய்வதைக் கண்ணால் பார்க்காமலே பள்ளியை விட்டுப் போனார்கள். அடுப்படியில் தினம் நடப்பதைப் பாடமாகவே நாம் மதிப்பதில்லை என்பதுதான் என் வருத்தம். சமையல் என்றால் பெண்பிள்ளை வேலை, அறிவியல் என்றால் பூட்டிய ஆய்வகம், இப்படிப் பிரித்து வைத்துவிட்டோம்.

அந்தப் பிரிவினை எவ்வளவு தப்பு என்பதற்கு ஒரு வரலாறு சொல்கிறேன். 1881-இல் ஜெர்மனியில் ராபர்ட் கோக்கின் ஆய்வகத்தில் வால்தர் ஹெஸ்ஸே என்ற மருத்துவர் காற்றில் உள்ள கிருமிகளை வளர்த்துப் பார்த்துக்கொண்டிருந்தார். கிருமி வளர்க்க அப்போது ஜெலட்டின்தான். வெயில் காலத்தில் அது உருகிவிடும். உருகாவிட்டாலும் சில கிருமிகளே அதைத் தின்று தண்ணீராக்கிவிடும், நம்ம அன்னாசி செய்வதைப் போல. அவருடைய மனைவி ஃபேனி ஹெஸ்ஸே வீட்டில் செய்யும் ஜெல்லி மட்டும் வெயிலிலும் கெட்டியாக நிற்பதைப் பார்த்துவிட்டு, காரணம் கேட்டார். அகர் அகர் போடுகிறேன் என்றார் அந்த அம்மா. ஜாவாவில் வாழ்ந்துவிட்டு வந்த அண்டை வீட்டாரிடம் சின்ன வயதில் கற்றுக்கொண்ட பக்குவம் அது. இன்றுவரை உலகத்து ஆய்வகங்களில் கிருமி வளர்ப்பது அந்த அகரில்தான். 1882-இல் காசநோய்க் கிருமி பற்றி எழுதிய கட்டுரையில் கோக் அகரைக் குறிப்பிட்டார், அந்த அம்மாவின் பெயரைக் குறிப்பிடவில்லை. தட்டு செய்த பெட்ரியின் பெயர் தட்டிலேயே நிலைத்துவிட்டது. ம்!

அகர் அகர் வேறொன்றுமில்லை, மளிகைக் கடையில் கேட்கிறோமே சைனா கிராஸ், அதுதான். இஸ்லாமிய நண்பர்கள் வீட்டில் நோன்பு திறக்கும்போது வைக்கும் கடல்பாசியும் அதுதான். மன்னார் வளைகுடாவில் பாம்பன், ராமேசுவரம் பக்கத்துப் பெண்கள் மூச்சடக்கிக் கடலுக்குள் இறங்கிப் பறிக்கும் பாசியிலிருந்தும் அது எடுக்கப்படுகிறது. அது புரதம் இல்லை, மாவுச்சத்து வகை. அதனால் அன்னாசி அதை ஒன்றும் செய்ய முடியாது. ஜெலட்டின் உடம்புச் சூட்டிலேயே உருகிவிடும். அகரோ 40 டிகிரிக்குக் கீழே ஆறினாலே உறையத் தொடங்கும், உறைந்தபின் மறுபடி உருக 85 டிகிரி வேண்டும். சேலத்துச் சித்திரை வெயிலுக்கு எது ஏற்றது என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

"சார், பாடத்தை முடிக்கவே நேரமில்லை" என்று இளைய ஆசிரியர்கள் சொல்வது எனக்குத் தெரியும். நானும் அதே கால அட்டவணையில் உழன்றவன்தான். ஆனால் இதற்கு ஆகும் நேரம் இரண்டு பாடவேளை. ஆய்வகம் வேண்டாம், மூன்று டம்ளர் போதும். முதல் டம்ளரில் ஜெலட்டினும் பச்சை அன்னாசியும். இரண்டாவதில் ஜெலட்டினும், பத்து நிமிடம் கொதிக்க வைத்து ஆறிய அன்னாசியும். மூன்றாவதில் சைனா கிராஸும் பச்சை அன்னாசியும். பள்ளியில் ஃபிரிட்ஜ் இல்லையென்றால் ஒரு வாளியில் ஐஸ் வாங்கி வைத்துக்கொள்ளலாம். பச்சை அன்னாசி போட்ட ஜெலட்டின் மட்டும் உறையாது. கொதித்ததில் நொதி செத்துப்போனதை இரண்டாவது டம்ளரே சொல்லிவிடும். நீங்கள் வாயைத் திறக்காமல் "ஏன்?" என்று மட்டும் கேளுங்கள்.

ஒரு எச்சரிக்கை. கடையில் விற்கும் பல ஜெல்லிப் பொடிகளில் பச்சைப் புள்ளி இருக்கும். அவற்றில் ஜெலட்டின் கிடையாது, காரஜீனன் போன்ற பாசிப் பொருள்தான். அதில் அன்னாசி போட்டாலும் உறைந்துவிடும், பிள்ளைகள் குழம்பிப்போவார்கள். சோதனைக்குத் தனி ஜெலட்டின்தான் வேண்டும், பேக்கரிச் சாமான் விற்கும் கடையில் கிடைக்கும். அது அசைவம் என்பதை முதலிலேயே பிள்ளைகளிடம் சொல்லிவிடுங்கள், மறைக்கக் கூடாது. தொட விரும்பாத பிள்ளை மூன்றாவது டம்ளரைப் பார்த்துக்கொள்ளட்டும்.

தின்பதற்குச் செய்வதென்றால் என் ஓட்டு சைனா கிராஸுக்குத்தான். 10 கிராமை அரை மணி நேரம் ஊறவைத்து, முக்கால் லிட்டர் தண்ணீரில் முழுதாகக் கரையும்வரை கொதிக்கவிட்டு, சர்க்கரை சேர்த்து இறக்குங்கள். புளிப்பான பழச்சாற்றை அடுப்பில் இருக்கும்போது ஊற்றினால் பிடிப்பு குறைந்துவிடும், இறக்கியபின் ஊற்றுங்கள். ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த பழத்தை அப்படியே போட்டால் திட்டுத்திட்டாக உறைந்துவிடும், அதனால் பழத்தை முன்பே வெளியே எடுத்து வையுங்கள்.

தோட்டத்தில் பப்பாளிக்காய் இருந்தால் நாலாவதாக ஒரு டம்ளர் வைத்துப் பாருங்கள். என்ன ஆனது என்று பிள்ளையையே எழுதச் சொல்லி, இங்கே போடுங்கள்.