ப்ளூடூத் தராசுக்கு இரண்டு அனுமதி

எடை மெஷினுக்கு ஆண்டுதோறும் முத்திரை போட வேண்டும் என்பது கனகம்மாசத்திரத்து மளிகைக் கடைக்காரர் எவருக்கும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஆனால் அதே மெஷின் இப்போது ப்ளூடூத் வழியாக எடையைச் செல்போனுக்கு அனுப்புகிறது. பில் பிரிண்டரும் ஒயர் இல்லாமல் அடிக்கிறது. இந்த ஒயர் இல்லாத சமாசாரத்திற்குத் தனியே ஓர் அனுமதி உண்டு என்பதை நம்மில் பலர் கேள்விப்பட்டதே இல்லை.

அந்தக் காலத்தில் ரேடியோ பெட்டிக்கே தபால் ஆபீசில் லைசென்ஸ் கட்டியதை மூத்த வியாபாரிகள் மறந்திருக்க மாட்டார்கள். ப்ளூடூத் இயங்கும் 2.4 ஜிகாஹெர்ட்ஸ் அலைவரிசைக்கு 2005-ல் மத்திய அரசு லைசென்ஸ் விலக்கு அளித்தது. விலக்கு உபயோகிப்பவருக்குத்தான். கருவியின் மாடலுக்குத் தொலைத்தொடர்புத் துறையின் டபிள்யூ.பி.சி. பிரிவிலிருந்து ‘ஈ.டி.ஏ.’ என்னும் வகை ஒப்புதல் வேண்டும்.

இப்போது சிறு தயாரிப்பாளர்கள் சிலர், “எங்கள் மெஷினில் இருப்பது ஓபன் சோர்ஸ் சாஃப்ட்வேர், உலகமே பார்த்துச் சரி சொன்னது, சர்டிபிகேட் எதற்கு?” என்கிறார்கள். ஓபன் சோர்ஸ் என்றால் யாரும் படித்துப் பார்த்துத் திருத்திக்கொள்ளக்கூடியது. நாம் அதை வரவேற்கவே வேண்டும். விற்ற கம்பெனி கடையை மூடிவிட்டாலும் உள்ளூர் மெக்கானிக் சரி செய்யலாம். வருடச் சந்தா என்று ஒருவர் கழுத்தில் துண்டு போட முடியாது. ஆனால் ஒப்புதல் சாஃப்ட்வேருக்கு அல்ல, ஆன்டெனாவும் பவரும் சேர்ந்த முழுப் பெட்டிக்கு. ‘ஜெஃபிர்’ போன்ற ஓபன் சோர்ஸ் சாஃப்ட்வேர் ப்ளூடூத் தகுதிச் சோதனை தேறியிருந்தாலும், ப்ளூடூத் பெயரைப் போட்டு விற்கும் ஒவ்வொரு கம்பெனியும் அந்த அமைப்பிடம் தன் பொருளைப் பதிவு செய்தாக வேண்டும். அதற்குக் கட்டணம் பல லட்சம் ரூபாய். இருநூறு மெஷின் விற்பவன் எங்கே போவான்?

பயம் இரு பக்கமும் உண்டு. சாஃப்ட்வேரைத் திருத்த விட்டால் பவரை ஏற்றிவிடுவார்கள் என்பது அதிகாரிகளின் பயம். அமெரிக்காவில் அப்படித்தான் ஆயிற்று. பவர் வரம்பை மீற வழி வைத்த ரூட்டர்களை விற்றதற்காக டிபி-லிங்க் கம்பெனி 2016 ஆகஸ்டில் 2 லட்சம் டாலர் கட்ட ஒப்புக்கொண்டது. அதே உடன்பாட்டில், வெளியார் எழுதிய ஓபன் சோர்ஸ் சாஃப்ட்வேரைத் தன் ரூட்டரில் போட வழி செய்வதாகவும் அந்தக் கம்பெனி உறுதி கொடுத்தது. பவரைப் பூட்டு, மற்றதைத் திறந்து விடு என்பதே இதன் பொருள். நம் தராசிலும் அதுதானே நடக்கிறது! எடையைத் திருத்தும் இடத்திற்கு சீல். மேலே எந்தத் தட்டை வைத்தாலும் யாரும் கேட்பதில்லை.

விற்பவர் தப்பித்துக்கொள்ளலாம் என்று நினைக்க வேண்டாம். ஒப்புதல் விவரம் இல்லாத வாக்கி-டாக்கிகளை விற்பனைக்கு வைத்ததற்காக, 2025 மே மாதம் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் பெரிய ஆன்லைன் விற்பனைத் தளங்களுக்கே நோட்டீஸ் அனுப்பியது. எனவே நம் மொத்த வியாபாரிகள் பில் மெஷின், ப்ளூடூத் தராசு வாங்கும்போது ஈ.டி.ஏ. எண்ணைக் கேட்டு, பில்லிலேயே எழுதி வாங்க வேண்டும். தராசாக இருந்தால் சட்டமுறை எடையளவுச் சட்டப்படி மாடல் ஒப்புதல் எண்ணும் வேண்டும். ஒன்று இருந்தால் மற்றது இருப்பதாக ஆகாது. இரண்டும் இரண்டு இலாகா.

சங்கம் தொலைத்தொடர்புத் துறைக்கு மனு ஒன்று அனுப்ப வேண்டும் என்பது என் கோரிக்கை. மனுவில் இரண்டே விஷயம் போதும். சாஃப்ட்வேரில் எந்த மாற்றத்திற்குப் புதிய ஒப்புதல் தேவை, எதற்குத் தேவையில்லை என்பதைத் தமிழிலும் தெலுங்கிலும் ஒரே பக்கத்தில் அச்சிட்டுத் தர வேண்டும். சிறு தயாரிப்பாளருக்குச் சோதனைச் செலவில் பாதியை அரசு ஏற்க வேண்டும். ஆடிக் கிருத்திகைக் கூட்டம் வருவதற்கு முன் மனு போய்ச் சேரட்டும். அதன் பிறகு நமக்கும் நேரம் இருக்காது.