குளிர் இல்லை, புழுக்கம்தான் எங்கட பிரச்சினை

எயார்பேக் செய்கிறவர்களுக்குக் குளிர் பெரிய தலையிடி. குளிரில் வாயுவின் அமுக்கம் குறையும், பை முழுசாக ஊதாது. அதனால் சைபருக்குக் கீழே 30, 40 பாகையிலும் வைத்துச் சோதிக்கிறார்கள். நல்லதுதான். ஆனால் வெள்ளவத்தையில் கடற்காத்து வாங்கி நிற்கிற காருக்கும், கொட்டாஞ்சேனை ஒழுங்கையில் மத்தியான வெயிலில் வேகிற காருக்கும் அதால என்ன? எங்கட நுவரெலியாவே சைபரைத் தொட யோசிக்கும்.

எங்களுக்கு எமன் புழுக்கம். ஜப்பானின் டகாட்டா கம்பனி பையை ஊதவைக்க அமோனியம் நைத்திரேற்றைப் பாவித்தது. டொயோட்டா, ஹொண்டா, நிசான் எல்லாம் அதை வாங்கிப் பூட்டின. வருடக்கணக்கில் சூடேறி ஆறி, ஈரமும் சேர்ந்தால் அந்த மருந்து வில்லைகள் கெட்டுப்போகும். பிறகு மோதும்போது அளவுக்கு மிஞ்சிய வேகத்தில் எரிந்து, உலோகக் கூடே வெடித்து, துண்டுகள் முகத்துக்கும் கழுத்துக்கும் பாயும். 2014இல் மலேசியாவில் ஒரு கர்ப்பிணிப் பெண் இப்படித்தான் செத்தார். அமெரிக்காவில் புளோரிடா போன்ற வெக்கையும் ஈரமுமான இடங்களுக்கு முன்னுரிமை கொடுத்து மாற்றினார்கள். டகாட்டா 2017இல் வங்குரோத்தானது. அதன் பைகள் இன்னும் ஓடுகின்றன.

இங்கே? 2018 வரவுசெலவுத் திட்டத்தில் மங்கள சமரவீர, எயார்பேக் இல்லாத வாகனத்தை இறக்க விடமாட்டோம் என்றார். சரி, இருக்கிற பை நல்லதா கெட்டதா என்று ஆர் பார்க்கிறது? 2020இல் இறக்குமதி நின்றது. தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் கதவு திறந்தது. அதுவரை பழைய கார்களே கைமாறின. இதுவோ வயசோட கூடுகிற கோளாறு. ரீகண்டிஷன் காருக்குக் கம்பனி கடிதம் போட்டாலும் அது ஜப்பானில் இருக்கிற முதல் சொந்தக்காரர் வீட்டுக்குத்தான் போகும்.

"கார் வச்சிருக்கிறவையின்ர பிரச்சினை, எங்களுக்கென்ன" என்று சிலர் கேட்பினம். பிக்மீ பிடித்து முன்சீட்டில் ஏறுகிறது ஆராம்?

வருடா வருடம் புகைப் பரிசோதனை செய்து, இன்சூரன்ஸ் காட்டித்தான் வருமான அனுமதிப்பத்திரம் எடுக்கிறோம். அதே இடத்தில் சேஸி நம்பரைக் கம்பனிப் பட்டியலோடு ஒருக்கா ஒத்துப்பார்க்க என்ன கஷ்டம்? மோட்டார் வாகனப் போக்குவரத்துத் திணைக்களத்திடம் நம்பர்கள் இருக்கின்றன. ரீகோலில் மாற்றுவதற்குக் காசு எடுப்பதில்லை. மாற்றாத வாகனத்துக்கு அனுமதிப்பத்திரம் கிடையாது என்று ஒரு வரி போடட்டும்.

அதுவரை உங்கள் நம்பரைக் கம்பனித் தளத்தில் நீங்களே அடித்துப் பாருங்கோ. பஞ்சிகாவத்தையில் ஹெட்லைட் வாங்கலாம், கதவு வாங்கலாம். கழற்றின எயார்பேக் மட்டும் வேண்டாம். அதுக்குள்ள இருக்கிற மருந்து எத்தனை வெயில் கண்டது என்று கடைக்காரருக்கும் தெரியாது.